பதினொன்று முதல் மூன்று வரை

எனக்குத் தெரிந்த தொழில் பனி வாருவது.
நகராட்சியின் ஏழாம் எண் வண்டி,
நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை.
வாரிய இடத்திலேயே மறுபடியும் விழும்.
அதற்காக யாரும் வருத்தப்படுவதில்லை.

மடத்தில் ஒரு காலத்தில் நூற்று நாற்பது சகோதரிகள்.
இப்போது பதினொருவர், ஒரே ஒரு மின்தூக்கி,
அதுவும் ஈரநாளில் அடம்பிடிக்கும்.
அவர்கள் வேலை ஒன்றுதான்:
இந்த ஊரில் யாரும் தனியாகச் சாகக் கூடாது.
செயின்ட் லாரன்ஸ் ஆறு கடலாக அகலும் இந்தக் கரையில்
எந்த வீட்டில் மூச்சு இழுத்தாலும்
ஒரு நாற்காலி, ஒரு சகோதரி, விடியும்வரை.

நாற்காலிகள் இருந்தன.
சகோதரிகள் தீர்ந்துகொண்டிருந்தார்கள்.
அப்படித்தான் எங்களைக் கூப்பிட்டார்கள்:
மருந்துக்கடை கிஸ்லேன்,
மணவிலக்கான பிறகு கோயில் பக்கம் வராதிருந்த நோர்மான்,
ஹெய்ட்டியிலிருந்து வந்து பள்ளிப் பேருந்து ஓட்டும் மிர்லாந்த்,
இன்னும் சிலர், நான்.

வார்த்தைப்பாடு ஏதுமில்லை.
முக்காடு இல்லை, மோதிரம் லீன் போட்டதுதான்.
துறவறத்துக்கும் இல்லறத்துக்கும் நடுவே
ஒரு வாசற்படி இருக்குமானால்
அதில் பனிக்காலணியோடு நிற்கிறவன் நான்:
உள்ளே போனால் தரை ஈரமாகும்,
வெளியே போனால் குளிர்.
ஓராண்டுக்கு ஒரு வாக்கு, ஒரு காகிதம்,
சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்னப் பதக்கம்.

"அங்கே போய் என்னதான் செய்வாய்?" என்றாள் லீன்.
"உட்காருவேன்."
"வீட்டில் ஒரு நிமிஷம் உட்கார மாட்டாயே."
அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றுவரை.

பிப்ரவரியில் சகோதரி ஃபெர்னாந்தின் முறை வந்தது.
ஐம்பது வருடம் உட்கார்ந்தே கழித்தவர்
இப்போது படுத்திருந்தார்.
பதினொன்று முதல் மூன்று வரை என் பெயர்.

"டீசல் வாடை," என்றார் கண் திறக்காமல்.
"நல்லது. மெழுகுவத்தி வாடை அலுத்துவிட்டது."
பிறகு, பாவசங்கீர்த்தனத்தில் போல் குரலைத் தாழ்த்தி:
"நான் அதிகம் செபித்ததில்லை, ரெஜான்.
கைக்குள் மணி உருளுவதைப் பார்த்து
செபமாலை என்று நினைத்துக்கொள்வார்கள்.
நான் எண்ணியது அவர்களுடைய மூச்சை."

நானும் எண்ணினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு வரை நினைவிருக்கிறது.
வெளியே என் வண்டியை வேறு யாரோ ஓட்டிப் போனார்கள்,
அதன் மஞ்சள் விளக்கு விட்டத்தில் ஒருமுறை சுழன்று போனது.
இரண்டு இரவு தொடர்வேலை, வெப்பக்குழாயின் முணுமுணுப்பு.
தூங்கிவிட்டேன்.

விழித்தபோது மணி இரண்டு நாற்பது.
எண்ணுவதற்கு எதுவும் இல்லை.

மண்டியிடத் தோன்றவில்லை.
காலணியைத் தேடினேன், திருடனைப் போல.

சகோதரி ஒடில் நடைச்சட்டத்தை ஊன்றி ஊன்றி வந்தார்,
போர்வையை நேராக்கினார், நெற்றியில் சிலுவை வரைந்தார்,
நான் சொன்னதைக் கேட்டார்.
ஒன்றும் பேசாமல் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தார்.
பெயர், தெரு, வந்த நேரம், போன நேரம்.
பக்கம் பக்கமாய் ஃபெர்னாந்தின் சாய்ந்த கையெழுத்து.
ஓரத்தில் அங்கங்கே, சிறியதாக:
தூங்கிவிட்டேன்.
தூங்கிவிட்டேன்.
பதினேழு இடத்தில். கை பழகியிருந்தது, எண்ணிவிட்டேன்.

ஒடில் பேனாவை நீட்டினார்.

மடத்தை விற்றாயிற்று.
மே மாதம் அடுக்ககம் கட்டுகிறவர்கள் வருகிறார்கள்.
சகோதரிகள் முதியோர் இல்லத்தின் மூன்றாம் மாடிக்கு,
நாற்காலிகளில் ஆறு நோர்மானின் கொட்டகைக்கு,
நோட்டு மருந்துக்கடையில்,
இருமல் மருந்துக்குக் கீழே, பூட்டில்லாத இழுப்பறையில்.

இன்றிரவு துறைமுகத் தெருவில் ஒருவர்.
கடவுளோடு பேச்சுவார்த்தை இல்லாதவராம்,
முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருக்கிறார்.
பரவாயில்லை, நானும் பேசப் போகவில்லை.

லீன் பிளாஸ்கில் காப்பியை ஊற்றுகிறாள்.
"கொஞ்சம் கடுப்பமாகப் போட்டிருக்கிறேன்," என்கிறாள்,
என் முகத்தைப் பார்க்காமல்,
மூடியை இறுக்கித் திருகியபடி.